ராப்டருக்குக் கை மாற்றிய ஐந்து நாட்கள்

சென்னையில் ஏறும்போது திண்டிவனம் போகுமா என்று கேட்டேன். போகும் என்றார் நடத்துநர். ஊருக்குள் போகுமா என்று கேட்டிருக்க வேண்டும். மேம்பாலத்துக்கு முன்னால் நெடுஞ்சாலையில் என்னையும் பெட்டியையும் இறக்கிவிட்டுப் பேருந்து விழுப்புரம் பக்கம் பறந்துவிட்டது. பகல் ஒன்றரை மணி. 2013 ஆனி மாதத்து வெயில். மலேசியாவில், ஈப்போவில், எங்களுக்கும் வெயில் உண்டு, ஆனால் நாலு மணிக்கு ஒரு மழை வந்து அதை விரட்டிவிடும். இங்கே விரட்ட ஆள் இல்லை.

எனக்கு இயல்பிலேயே பொறுமை குறைவு. வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவரின் முதுகை முறைத்துக்கொண்டிருப்பேன். அப்படிப்பட்டவளை, ஐந்து நாளில் ஒரு டைனோசரைப் பார்த்துச் சரி சொல்லிக் கப்பலுக்கு அனுப்பிவிட்டு வா என்று அனுப்பியிருந்தார் தவுக்கே. சீன முதலாளியை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். ஈப்போவுக்கு வெளியே, சுண்ணாம்புக் குன்றுகளின் அடியில், அவர் ஒரு டைனோசர் தோட்டம் வைத்திருக்கிறார். அங்கே நிற்கும் உருவங்களுக்கெல்லாம் நான்தான் பொறுப்பு. பெரிய படிப்பெல்லாம் இல்லை. 1993-இல் உலகமே பார்த்த அந்த டைனோசர் படம் வந்தபோது நான் தியேட்டரில் சீட்டு கிழித்துக்கொண்டிருந்தேன். தினம் நாலு காட்சி பார்த்ததில் பைத்தியம் பிடித்துவிட்டது. மீதியெல்லாம் நூலகத்தில் படித்ததுதான்.

படித்தால் கதை வேறாக இருந்தது. படத்தில் ஆள் உயரத்துக்கு, மொட்டைத் தோலோடு ஓடிவந்த ராப்டர் உண்மையில் வான்கோழி அளவுதான். அதன் முன்கை எலும்பில் பெரிய இறகுகள் ஊன்றி நின்ற புடைப்புகள் வரிசையாக இருக்கின்றன. அதன் உறவுக்கார விலங்குகள் சீனாவில் கல்லோடு கல்லாகக் கிடைத்தபோது, சுற்றிலும் இறகின் தடம் அப்படியே பதிந்திருந்தது. இவ்வளவும் தெரிந்துகொள்வதற்கு முன்பே நான் ஒரு மொட்டை ராப்டரைச் சரியென்று சொல்லித் தோட்டத்தில் நிறுத்திவிட்டேன். இரண்டு வருடத்துக்கு முன் ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர் ஒருவர் வந்து, தவுக்கே பக்கத்தில் நிற்க, அதன் தப்புகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். தோல் தப்பு, உயரம் தப்பு. கடைசியாகக் கையைக் காட்டி, அந்த எலும்பு இப்படித் திரும்பவே திரும்பாது என்றார்.

மறுநாள் தவுக்கே கூப்பிட்டுப் பேசினார். இன்னொரு முறை இப்படி நடந்தால் நான் டிக்கெட் கவுண்டருக்குப் போய்விட வேண்டும் என்றார். நாற்பத்தாறு வயதில் மறுபடியும் சீட்டு கிழிப்பது.

புது ராப்டரைச் செய்ய எத்திராசு என்பவரைப் பிடித்துக் கொடுத்ததும் நான்தான். எங்கள் ஊர்க் கோயில் கோபுர வேலைக்கு அவரும் அவர் தம்பியும் வந்திருந்தபோது கருடனுக்கும் அன்னத்துக்கும் அவர்கள் இறகு வைத்த விதத்தைப் பார்த்திருந்தேன். உலகத்தில் யாருக்காவது ராப்டருக்கு இறகு வைக்கத் தெரியும் என்றால் அது இவர்களுக்குத்தான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். இப்போது அவர்கள் கிளியனூர்ப் பக்கம் பட்டறை போட்டு, பூங்காக்களுக்கு ஃபைபர் பொம்மைகள் செய்கிறார்கள். படம் வரைந்து அனுப்பியாயிற்று, உருவமும் முடிந்துவிட்டது என்று தகவல் வந்தது. நான் போய்ப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

முதல் நாள் ஆட்டோ பிடித்து விடுதிக்குப் போய், குளித்து, இட்லியும் மல்லாட்டைச் சட்னியும் சாப்பிட்டதோடு சரி. வேர்க்கடலைக்கு இங்கே அதுதான் பெயர் என்று பரிமாறியவர் சொல்லிக் கொடுத்தார். சட்னிக்காகவே இன்னும் இரண்டு இட்லி வாங்கினேன். எங்கள் ஊரில் இட்லி கல் மாதிரி இருக்கும், அதைச் சாம்பாரில் ஊறப்போட்டுத்தான் மன்னிக்க வேண்டும். இங்கே மன்னிப்புக்கு இடமே இல்லை. ஆனாலும் என்னால் நிதானமாக ருசிக்க முடியவில்லை, மனசு பட்டறையிலேயே இருந்தது.

புதன்கிழமை காலையில் புதுச்சேரி போகும் பேருந்தில் ஏறினேன். எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மரக்காணம் பக்கத்துக் கடற்கரைக்காரர்கள் என்பது பேச்சில் தெரிந்தது. மகனுக்குப் பார்த்த பெண் மீன் தின்னாதாம், அதை எப்படி வீட்டில் வைத்துக் குப்பை கொட்டுவது என்பதுதான் பிரச்சினை. நான் இறங்கும்வரை தீர்வு வரவில்லை. கிளியனூர் தாண்டி ஒரு கிலோமீட்டர் போன பிறகுதான் நான் இறங்க வேண்டிய இடம் போய்விட்டது என்று தெரிந்தது. அந்தப் பெண் மீன் தின்னுமா தின்னாதா என்ற கவலையில் நிறுத்தத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

திரும்பி நடந்தேன். பட்டறைக்கு வெளியே, வாயைப் பிளந்துகொண்டு நாலு பென்குயின் குப்பைத்தொட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு முதலைச் சறுக்குமரம். உள்ளே, தகரக் கூரைக்குக் கீழே, என் ராப்டர்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று சொல்வதில் வெட்கமில்லை. இடுப்பு உயரம், நான் கேட்டது போலவே. கழுத்தில் மயிர் போன்ற சிறு இறகு, முதுகில் செங்காவி, வாலில் பட்டைப் பட்டையாகப் பழுப்பு. ஒவ்வொரு இறகையும் தனித்தனியாக ஃபைபரில் வார்த்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார் எத்திராசின் தம்பி முருகேசன். அவருக்கு இடது கை தோளிலிருந்து தூக்க வராது. ஒற்றைக் கையாலேயே இவ்வளவும் செய்திருக்கிறார் என்று தெரிந்தபோது அவரைப் பார்த்துக் கும்பிட்டேன்.

பிறகுதான் முன்கைகளைப் பார்த்தேன்.

இறகு மணிக்கட்டோடு நின்றுவிட்டது. அதற்கப்புறம் வழவழப்பான மூன்று விரல் கை. இடது கை குப்புறத் தொங்கியது. வலது கை நிமிர்ந்து, உள்ளங்கை வெளியே தெரிய, என்னைப் பார்த்து "அஞ்சாதே" என்றது. எழுபத்தைந்து கோடி வருடத்துக்கு முந்தைய கொலைகாரப் பிராணி என்று நாங்கள் பலகை எழுதி வைத்திருக்கிறோம் (அதிலும் ஒரு சுழி தப்பாகக் கூடிவிட்டது, ஏழரைக் கோடிதான், அது வேறு கதை). அது அருள்பாலித்துக்கொண்டு நின்றது.

கை ஏன் இப்படி என்று கேட்டேன். எத்திராசு நான் அனுப்பிய படத்தையே எடுத்து வந்து காட்டினார். பக்கவாட்டில் வரைந்த படம். கையை இறகு முழுவதும் மூடியிருந்தது.

"படத்துல கையே தெரியல மேடம். கை இல்லாத உருவத்த எப்டிங்க அனுப்பறது? கைய பாத்துதான் அது இன்னாதுன்னே ஜனம் கண்டுபுடிக்கும். அதான் நாமளே வச்சிட்டோம்."

அவர் சொன்னதில் அவர்கள் தொழிலின் நியாயம் இருந்தது. கோபுரத்தில் முகம் தேய்ந்துபோன பொம்மையைக்கூடக் கையை வைத்துத்தான் இன்ன சாமி என்று சொல்வார்கள். ஆனால் ராப்டருக்கு அந்த நியாயம் செல்லாது. அதன் உள்ளங்கைகள் இரண்டும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும், கைதட்டப் போகிறவர் கையை வைத்திருப்பதுபோல. பெரிய இறகுகள் மணிக்கட்டில் நிற்கக் கூடாது, விரலிலிருந்தே கிளம்ப வேண்டும். அந்த விலங்கியல் ஆசிரியர் வந்தால் முதலில் பார்க்கப்போவதே இதைத்தான். கையை மட்டும் அறுத்துவிட்டு வேறு வைத்துவிடலாம், ஒரு நாள் வேலைதானே என்றேன்.

எத்திராசு தலையை ஆட்டினார். கண் திறந்தாயிற்று என்றார்.

நான் திங்கட்கிழமையே வருவதாகச் சொல்லியிருந்தேன், விமானம் தள்ளிப்போய்ச் செவ்வாய்தான் வந்தேன். திங்கட்கிழமை நல்ல நேரம் இருந்ததால் அவர் தேங்காய் உடைத்து, கண்ணாடி காட்டி, ராப்டருக்குக் கண்ணில் கருமணி எழுதிவிட்டார். இந்தப் பட்டறையில் குப்பைத்தொட்டிப் பென்குயினுக்குக்கூட அப்படித்தான். கண் திறந்துவிட்டால் அது பார்க்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் உளியோ ரம்பமோ அதன் உடம்பில் படக் கூடாது.

இது பொம்மைதானே என்று நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன். எத்திராசு கோபப்படவில்லை. பல வருடத்துக்கு முன் ஒரு கோபுரத்தில், கண் திறந்த துவாரபாலகருக்குக் கிரீடம் சிறியதாக இருக்கிறது என்று தர்மகர்த்தா சொல்ல, இவர் ஏறி உளி வைத்தாராம். மூன்றாம் நாள் சாரம் சரிந்து முருகேசன் கீழே விழுந்தார். அன்றோடு போனது அந்தக் கை.

"நீங்க கையத்தான் மேடம் அறுக்கச் சொல்றீங்க" என்றார்.

எத்திராசின் மனைவி பச்சையம்மா ஒரு சொம்பு கேப்பைக் கூழும் மோர்மிளகாயும் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன், வயிறு குளிர்ந்தது, மனசு குளிரவில்லை. பக்கத்தில் திருவக்கரையில் மரமெல்லாம் கல்லாகிக் கிடக்கிறது, இவ்வளவு தூரம் வந்ததற்கு அதையாவது பார்த்துவிட்டுப் போங்கள் என்று அனுப்பப் பார்த்தார் எத்திராசு. மரம் பார்க்கும் நிலைமையில் நான் இல்லை. சனிக்கிழமை மாலை துறைமுகத்துக்குப் போகும் லாரி வருகிறது. கையில் மூன்று நாள்.

வியாழக்கிழமை வேறு ஆளைத் தேடி விழுப்புரம் போனேன். இதில் கொஞ்சம் துரோகம் இருந்தது, தெரிந்தேதான் செய்தேன். திண்டிவனத்தில் ஏறிய பேருந்து இந்த முறை ஊருக்குள் போகுமா என்று மூன்று பேரிடம் கேட்டுவிட்டு ஏறினேன். போனது. வழியில் டயர் வெடித்து முக்கால் மணி நேரம் சாலையோரம் நின்றோம். எல்லோரும் இறங்கி, ஏதோ கல்யாணத்துக்கு வந்ததுபோல நுங்குக்காரரைச் சூழ்ந்துகொண்டு சாப்பிட்டார்கள். எங்கள் ஊரில் பேருந்து பழுதானால் ஆளாளுக்குப் போனை எடுத்துப் புகார் சொல்வோம். நான் நுங்கும் சாப்பிட்டேன், புகாரும் சொன்னேன். இளநுங்கின் தண்ணீர் சட்டையில் வழிந்ததுதான் மிச்சம்.

விழுப்புரத்தில் ரயில் நிலையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி ஃபைபர் வேலை செய்கிறவர் ஒருவரைக் கண்டுபிடித்தேன். போனில் ராப்டரின் படத்தைக் காட்டினேன். இரண்டு கையை அறுத்து ஒட்டுவதா, அரை நாள் வேலை என்று உற்சாகமாகக் கட்டிங் மெஷினைத் துடைக்கத் தொடங்கினார். பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"கண்ணு தொறந்தது போல கீதே. யாரு தொறந்தது?"

எத்திராசு பெயரைச் சொன்னதும் மெஷினைக் கீழே வைத்துவிட்டார். அவர் கண் திறந்ததில் நான் கை வைத்தால் பேஜாராகிவிடும், நீங்கள் டீ குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்றார். டீ நன்றாக இருந்தது. இஞ்சி தட்டிப் போட்டிருந்தார். எரிச்சலில் நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

திரும்பும் வழியில் தவுக்கே அழைத்தார். என்னிடம் மலாயில் பேசுவார், அவசரமென்றால் பாதி வாக்கியத்தை முழுங்கிவிடுவார். எல்லாம் சரியா என்றார். சரி என்றேன். அந்தப் பொய்யோடு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டு வந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் நான் பசியில் கடிக்கிறேன் என்று நினைத்து, அவித்த மல்லாட்டையை ஒரு கை நிறைய அள்ளி என் மடியில் போட்டார். பெயர்கூடத் தெரியாத மனிதர். அவரிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலையில் பட்டறைக்குப் போய் விழுப்புரம் போய்வந்ததை நானே சொல்லிவிட்டேன். தெரியும், போன் வந்தது என்றார் எத்திராசு. அப்புறம் வேலை போய்விடும் என்பதையும் சொன்னேன். டிக்கெட் கவுண்டர், விலங்கியல் ஆசிரியர், எல்லாவற்றையும். எத்திராசு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசியது முருகேசன்தான். இந்த மூன்று நாளில் அவர் என்னிடம் பத்து வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டார்.

"பாலாலயம் பண்ணிட்டு அறுக்கலாம்ண்ணா. கோயிலுக்கே பண்றாங்க. இதுக்குப் பண்ணக் கூடாதா?"

பாலாலயம் எனக்குத் தெரியும். கோயிலைப் பழுதுபார்க்கும் முன் சாமியின் சக்தியைக் கும்பத்திலோ ஒரு சிறிய படத்திலோ இறக்கிவைத்துப் பூசை செய்வார்கள். உருவம் அதுவரை வெறும் கல். வேலை முடிந்ததும் திரும்ப ஏற்றுவார்கள். எத்திராசு தம்பியின் கையைப் பார்த்தார். இதைச் சொல்ல அந்த வீட்டில் முருகேசன் ஒருவருக்குத்தான் உரிமை என்பது எனக்கும் புரிந்தது.

அதன் பிறகு எழுந்த பிரச்சினை எதில் இறக்குவது என்பது. சாமியென்றால் அதே சாமியின் படம் போதும். இதற்கு எது சொந்தம் என்று எத்திராசு என்னிடம் கேட்டார். இருபது வருடமாக இந்தக் கேள்வியை யாராவது என்னிடம் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள் நான். கோழி என்றேன். சும்மா சொல்லவில்லை, கோழியும் குருவியும் அந்த வம்சத்தில் மிச்சமிருப்பவைதான் என்று விளக்கத் தொடங்கினேன். அவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. காலைப் பார்த்தாலே தெரியுதே என்றார் பச்சையம்மா.

அவர்தான் தன் கருப்புக் கோழியைப் பிடித்துவந்தார். அரைமனசாகத்தான் கொடுத்தார். அது முட்டை வைக்கிற கோழி, ராத்திரிக்குக் கட்டிப்போடக் கூடாது, முக்கியமாக வேலை முடிந்த பிறகு யாரும் அதைக் குழம்பு வைக்கும் பேச்சே எடுக்கக் கூடாது என்று மூன்று நிபந்தனை. ராப்டரின் காலிலிருந்து கோழியின் காலுக்கு மஞ்சள் கயிறு கட்டி, சூடம் காட்டி, எத்திராசு வாய்க்குள் ஏதோ சொன்னார். பிறகு ஈரத்துணியால் ராப்டரின் கருமணிகளை அழித்தார். கயிற்றை அறுத்தார். கோழி தன் காலில் மிச்சமிருந்த கயிற்றை இரண்டு முறை கொத்திவிட்டு நடந்துபோனது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டிங் மெஷின் சத்தம் கேட்டதும் முருகேசன் வெளியே போய்விட்டார்.

கையை மறுபடி வைக்கும்போது கோழியைத்தான் மாதிரியாகப் பிடித்துக்கொண்டோம். நான் அதன் சிறகை விரித்து, பெரிய இறகுகள் எந்த எலும்பிலிருந்து கிளம்புகின்றன என்று காட்டினேன். முருகேசன் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். இத்தனை அன்னத்துக்கு இறகு வைத்திருக்கிறேன், ஒன்றையும் இப்படிப் பிடித்துப் பார்த்ததில்லை என்றார். சாயங்காலத்துக்குள் இரண்டு கையும் சேர்ந்து, உள்ளங்கைகள் உள்ளே திரும்பி, விரலோடு விரலாக இறகு இறங்கியிருந்தது. அருள்பாலித்த பிராணி போய்விட்டது. எதையோ அமுக்கிப் பிடிக்கப்போகும் ஒரு பிராணி நின்றது. அன்றைக்கு மட்டும் நான் நன்றாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குப் பட்டறையிலிருந்து படம் எடுத்துத் தவுக்கேவுக்கு அனுப்பினேன். பாராட்டுவார் என்று நினைத்தேன். உடனே அழைத்தார்.

இது கோழி மாதிரி இருக்கிறது என்றார். ஜனங்கள் பணம் கொடுத்துப் பயப்பட வருகிறார்கள், கோழியைப் பார்க்கச் சந்தைக்குப் போவார்கள் என்றார். எலும்பில் உள்ள புடைப்பைப் பற்றி மறுபடி சொன்னேன். தெரியும், இரண்டு வருடமாக இதைத்தான் சொல்கிறாய் என்றார். பக்கத்தில் அவர் மனைவி சிரிப்பது கேட்டது. "இறகையெல்லாம் சீவிவிட்டுத் தோலாக்கச் சொல். லாரிக்குச் சாயங்காலம் வரை நேரம் இருக்கிறது. கையை மட்டும் இப்போது இருப்பது போலவே விட்டுவிடலாம். ஒரு மணி நேரத்தில் மறுபடி கூப்பிடுகிறேன்" என்றார். செய்யாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முருகேசன் வாலில் கடைசிப் பட்டையைத் தீட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் போய் இதையெல்லாம் சீவிவிடுங்கள் என்று என் வாயால் சொல்ல முடியுமா? வேலை போனால் போகிறது என்று சொல்லும் தைரியமும் எனக்கில்லை. வாடகை வீடு, வயதான அம்மா, நாற்பத்தாறு வயது. நான் வீராங்கனை இல்லை. ஆனால் பொய்யான பிராணியை இன்னொரு தடவை நிறுத்திவிட்டு அதற்குப் பக்கத்தில் தினமும் நடக்கவும் என்னால் முடியாது. இது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

எத்திராசிடம், இப்போதே கண்ணைத் திறந்துவிடுங்கள் என்றேன்.

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். போனில் என்ன பேச்சு நடந்தது என்று முகத்திலேயே படித்திருப்பார். ராகு காலம் பத்தரை வரைக்கும் இருக்கிறது, அதற்கப்புறம் செய்யலாம் என்றார். "மொதல்ல கோழிய புடிங்க" என்றார்.

கோழியைக் காணோம்.

பட்டறைக்குப் பின்னால் மல்லாட்டைக் கொல்லை. அதற்குள்தான் போயிருக்கும் என்று பச்சையம்மா முன்னால் ஓட, நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். இரண்டாவது பாத்தியில் அது மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் தலை கொஞ்சமும் ஆடாமல், சிறகை உடம்போடு அணைத்து, கழுத்தை நீட்டி, செடிக்குச் செடி வெட்டித் திரும்பி ஓடியது. இருபது வருடமாக நான் புத்தகத்தில் தேடிய ஓட்டம் அது. அந்த நேரத்திலும் நின்று பார்த்தேன். ஒரு கணம் அது திரும்பி ஒற்றைக் கண்ணால் என்னை அளந்தது. இது மட்டும் என் இடுப்பு உயரம் இருந்திருந்தால் யார் யாரைத் துரத்தியிருப்போம் என்று நினைத்தபோது நிஜமாகவே பயந்துபோனேன். கோழி மாதிரி இருக்கிறதாம். தவுக்கே கோழியைச் சரியாகப் பார்த்ததே இல்லை.

"நிக்காத அக்கா, அந்தாண்ட வந்து மடக்கு, ஜல்தி" என்றார் பச்சையம்மா. மடக்கினேன். கை முழுக்க சிராய்ப்போடு அதைத் தூக்கிக்கொண்டு வந்தபோது மணி பத்தே முக்கால்.

மறுபடி கயிறு கட்டி, சூடம் ஏற்றி, தேங்காய் உடைத்தார் எத்திராசு. முருகேசன் நல்ல கையால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார். எத்திராசு மெல்லிய தூரிகையில் கருப்பைத் தொட்டு வலது கண்ணில் வைத்தார். இடது கண்ணில் வைக்கும்போது என் போன் அடிக்கத் தொடங்கியது. எடுக்கவில்லை. அவர் தூரிகையை எடுத்து, பின்னால் நகர்ந்து, கும்பிட்ட பிறகுதான் எடுத்தேன்.

சீவத் தொடங்கிவிட்டார்களா என்று கேட்டார் தவுக்கே.

"இல்லை. கண் திறந்துவிட்டோம். இனிமேல் அதன்மேல் ஆயுதம் வைக்கக் கூடாது. இவர்கள் வைக்க மாட்டார்கள், நானும் வைக்கச் சொல்ல மாட்டேன்."

கத்துவார் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தேன். கத்தவில்லை.

"கண் என்றால்? புள்ளி வைத்தார்களா?" என்றார். குரல் மாறியிருந்தது.

"ஆமாம்."

"யார் வைத்தது?"

"செய்தவரே."

"இரண்டு கண்ணுக்குமா?"

"இரண்டுக்கும்."

அவர் மனைவியிடம் சீனத்தில் ஏதோ சொன்னார். இந்த முறை அந்த அம்மா சிரிக்கவில்லை. சீனர்கள் சிங்க ஆட்டத்துக்குப் புதுத் தலை வாங்கினால் சிவப்பு மையில் கண்ணுக்குப் புள்ளி வைத்துத்தான் ஆட்டத்துக்கு எடுப்பார்கள். ஈப்போவில் பிறந்து வளர்ந்த நான் அதை எத்தனை பெருநாளுக்குப் பார்த்திருக்கிறேன். இந்த ஐந்து நாளில் ஒரு தடவைகூட அது என் நினைவுக்கு வரவில்லை.

"என் அப்பா புள்ளி வைத்த சிங்கத்தின் காதை ஒரு தடவை வெட்டித் தைத்தார். அந்த வருடம் எங்கள் கடை எரிந்துபோனது" என்றார் தவுக்கே. பிறகு, "தொடாதே. அப்படியே அனுப்பு. என்னைக் கேட்காமல் செய்தாய், அதை நான் மறக்க மாட்டேன்" என்றார்.

"மறக்க வேண்டாம், தவுக்கே" என்றேன்.

எலும்பையும் புடைப்பையும் காட்டி இரண்டு வருடம் மன்றாடியும் கிடைக்காதது ஒரு சொட்டுக் கருப்பு மைக்குக் கிடைத்துவிட்டது. எனக்கு அதில் சந்தோஷமும் கோபமும் ஒன்றாக வந்தன. எது கூடுதல் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. முருகேசன் கண்ணாடியை இன்னும் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தார். என்ன சொன்னார் என்று எத்திராசு கேட்டார்.

"எறகோட அனுப்பச் சொல்லிட்டாரு" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். அண்ணன் தம்பி இருவரும் என்ன செய்வதென்று தெரியாமல், வைக்கோல் எடுத்துவந்து ராப்டரின் கைகளைச் சுற்றிக் கட்டத் தொடங்கினார்கள்.